காலி வண்டியின் சூடு

கடப்பாக்கம்,
12.1.1974

அன்பு அண்ணனுக்குத் தங்கை ஜெசிந்தா எழுதிக்கொள்வது. ஏசுவுக்குத் தோத்திரம். இவ்விடம் நானும் அவரும் சுகம். உங்கள் காலும் அண்ணியின் பொறுமையும் எப்படி இருக்கின்றன? பட்டறையில் சங்கிலி அறுந்து லாரி எஞ்சின் உங்கள் தொடைமேல் விழுந்ததைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் மாவுக்கட்டு என்றால் உங்களைவிட மார்கரெட் அண்ணியை நினைத்துத்தான் கவலை. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத மனிதரைப் படுக்கவைத்துப் பார்ப்பது லேசா?

விஷயம் வண்டியைப் பற்றியது. என் கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் கையால் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த புல்லட்தான் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகிறது. விடிவதற்குள் இறால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் ஸ்டேஷனுக்குப் போய், ஏஜெண்ட் ஜானகிராமனிடம் ஒப்படைத்து, பட்டணம் போகும் பாசஞ்சரில் ஏற்ற வேண்டும். போன வாரம் திரும்பி வரும்போது செய்யூர் தாண்டி எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. வண்டி ரோட்டில் தேய்த்துக்கொண்டே போய், ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. அவருக்கு முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

அவர் ஏதோ பழைய சாமான் கடையிலிருந்து ராணுவ வண்டியின் ஆயில் கூலர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். ஆயில் அதற்குள் சுற்றிக் குளிர்ந்து எஞ்சினுக்குத் திரும்புமாம். செய்யூர் வெல்டிங் கடைக்காரர் பூட்டித் தருகிறேன் என்கிறார். பூட்டலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தைரியம். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெசிந்தா


செங்கல்பட்டு,
17.1.1974

அன்புத் தங்கைக்கு ஏசுபாதம் எழுதுவது. கால் கிடக்கிறது, நான் அதன் பக்கத்தில் கிடக்கிறேன். உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். மாப்பிள்ளை சுகமா? முழங்கைக்கு மருந்து போட்டாரா?

கூலர் வேண்டாம். புல்லட்டுக்குக் காற்றுதான் கூலர். பிளாக்கைச் சுற்றி இத்தனை தகடுகள் வைத்து வார்த்திருப்பது அழகுக்கு என்று நினைத்தீர்களா? அந்த எஞ்சினில் ஆயில் பம்ப் சின்னது. ஆயிலை மேலே ஒரு டப்பாவுக்குள் ஏற்றி இறக்க அதற்குத் தெம்பு கிடையாது. வெல்டிங் கடைக்காரர் இழுக்கிற குழாய் ஒரு நாள் அதிர்ச்சியில் விட்டுப்போனால் ஆயில் எல்லாம் பின்டயரில் கொட்டும். அப்புறம் பிஸ்டன் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்னாலேயே விழலாம்.

ஆனால் சும்மா விடவும் முடியாது. ஒரு தடவை பிடித்த எஞ்சின் மறுபடியும் பிடிக்கும். சொல்லிவிட்டுப் பிடிக்காது. அதனால் கேட்கிறேன், மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. பிளக்கைக் கழற்றினால் என்ன நிறம்? ஆயில் எப்போது மாற்றினது? சூடு எந்த இடத்தில் ஏறுகிறது? எல்லாவற்றையும்விட நல்லது, வண்டியை ஏதாவது லாரியில் போட்டு இங்கே அனுப்பு. கட்டிலில் கிடந்தபடியே பையன்களை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

ஏசுபாதம்


கடப்பாக்கம்,
26.1.1974

அன்பு அண்ணனுக்கு, தோத்திரம். நாங்கள் சுகம். கால் அரிக்கிறது என்று ஈர்க்குச்சியை விட்டுச் சொறிகிறீர்களாமே, அண்ணி எழுதியிருந்தார்கள். புண்ணாகிவிடும், வேண்டாம்.

பிளக் சுட்ட செங்கல் நிறத்தில் இருக்கிறது. ஆயில் பொங்கலுக்கு முன்னால் மாற்றியது. வண்டியை அனுப்ப வழியில்லை அண்ணா. இது இறால் வருகிற காலம். ஒரு நாள் பெட்டி போகவில்லை என்றால் ஜானகிராமன் மறுநாள் வேறு வண்டியைப் பிடித்துவிடுவார். அதன்பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது?

சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போகும்போது ஆறு பெட்டி, அவ்வளவும் ஐஸ், அதற்குமேல் இரண்டு ஆள். அப்போது எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் கொதிக்கிறது. தினமும் இப்படித்தான். ஏன் என்று தெரியவில்லை. கூலரைப் பூட்டினால்தான் தீரும் என்று இவர் பிடிவாதமாக இருக்கிறார். தூக்கத்தில்கூட அதே பேச்சு.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ஜெசிந்தா


செங்கல்பட்டு,
31.1.1974

அன்புத் தங்கைக்கு. இங்கே எல்லாரும் சுகம். அங்கே மாப்பிள்ளையும் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சுமையில் கொதிக்காத வண்டி காலியில் கொதிக்கிறது என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். வெறும் வயிற்றில் ஏப்பம் வருகிற கதையாக இருக்கிறது. பிளக் நிறம் சரி, ஆயில் சரி. அப்படியென்றால் எஞ்சினில் கோளாறு இல்லை, ஓட்டத்தில்தான் ஏதோ இருக்கிறது. வேலை முடிந்த ஜோரில் மாப்பிள்ளை பறக்கிறாரா? இல்லை, வெயிலா? தை மாத வெயிலுக்கு எஞ்சின் பிடிக்காது.

கடல் காற்றில் தகடுகளுக்கு நடுவே உப்பு படிந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ் போட்டுச் சுரண்டச் சொல். திரும்பும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடச் சொல். நான் சொல்கிறவரை கூலர் பேச்சை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. கேள்வி எல்லாம் மாப்பிள்ளைக்கு, பதில் எல்லாம் உன் எழுத்தில் வருகிறது. வண்டி ஓட்டுகிற மனிதர் இரண்டு வரி எழுதக்கூடாதா? என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டுச் சொல்.

ஏசுபாதம்


கடப்பாக்கம்,
15.2.1974

மச்சான் அவர்களுக்கு தேவசகாயம் வணக்கம். நான் சொல்லச் சொல்ல ஜெசி எழுதுகிறாள். உங்கமேல எனக்கு இன்னா கோபம்? என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதான்.

தகடெல்லாம் சுரண்டியாச்சு. நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் வந்தோம். அப்படியும் நேத்து மறுபடி புட்சிகிச்சு. பின்னால பஸ்ஸு வந்துகினு இருந்துது. டிரைவர் புண்ணியவான், பஸ்ஸ வயல்ல எறக்கிட்டான். இல்லன்னா இந்தக் கடுதாசி வேற மாதிரி வந்திருக்கும். நீங்க அங்க படுத்துகினு வேணாம் வேணாம்னு எழுதறீங்க. இங்க தினம் உசுரு போயி உசுரு வருது மச்சான். சாம்பல் புதன் கழிச்சு அந்த ஞாயித்துக்கிழமை கூலர பூட்டப்போறேன். என்னால ஆவுறது இது ஒண்ணுதான். தடுக்காதீங்க.

காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

தேவசகாயம்

அண்ணா, இதற்குக் கீழே நான் எழுதுவது. அவருக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. இந்தத் தடவை பிடிக்கப்போவது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்தது. சத்தம் மாறவில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி ஏறாமல் ஒரு தொய்வு. உள்ளங்கையில் அது நன்றாகத் தெரிகிறது. அந்த நொடியே கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் நிற்காமல் தப்பிக்கலாமா? இதை மட்டும் உடனே எழுதுங்கள்.


செங்கல்பட்டு,
20.2.1974

ஜெசிந்தா,

தப்பிக்கலாம். தொய்வு தெரிந்த நொடியே கிளட்சைப் பிடி. ஆக்சிலேட்டரை விட்டுவிடு. பிரேக்கைத் தொடாதே, தானாக ஓடி நிற்கட்டும்.

இப்போது நான் கேட்கிறேன். உள்ளங்கையில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாயே, யாருடைய உள்ளங்கையில்? பின்னால் உட்கார்ந்து வருகிறவள் கைக்கு ஆக்சிலேட்டர் எட்டாது. பதின்மூன்று வயதில் கொளவாய் ஏரிக்கரையில் உனக்கு வண்டி பழக்கிவிட்டவன் நான். எஞ்சின் பேசுவது உன் கைக்குத்தான் கேட்கும், மாப்பிள்ளைக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. ஓட்டுவது நீதான். புளியமரத்தடியில் தேய்ந்தது உன் முழங்கைதான். இல்லை என்று ஏசுமேல் ஆணையாக எழுது பார்க்கலாம்.

எனக்கு வருகிற கோபத்தில் இந்த மாவுக்கட்டை நானே உடைத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன், உன் அண்ணி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. சுற்றாமல் நிற்கிற சக்கரத்தின்மேல் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் கண்ணை மூட முடியவில்லை. நான் பூட்டிய எஞ்சின் அது.

மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று? குடிக்கிறாரா? வேறு எங்காவது போய்விட்டாரா? எதுவாக இருந்தாலும் எழுது. தெரியாமல் என்னால் எந்த வைத்தியமும் சொல்ல முடியாது.

ஏசுபாதம்


கடப்பாக்கம்,
26.2.1974

அன்பு அண்ணனுக்கு,

நாளை சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். பொய்யோடு கோவிலுக்குப் போக எனக்கு மனம் இல்லை.

அவர் குடிக்கவில்லை, எங்கும் போகவும் இல்லை. பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். போன தீபாவளி சமயம் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. எனக்குத்தான் வந்தது. குனிந்து பார்த்தால் அவர் கால் சைலன்சரில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. அப்புறம் இரண்டு கையும் மரத்துப்போயிற்று. கிளட்சைப் பிடித்திருக்கிறாரா விட்டிருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். செய்யூருக்கு முகாம் வந்த டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுப் பெரிய வியாதி என்று சொன்னார். உடனே உங்கள் ஊர்ப் பக்கம், அந்த வியாதிக்கென்றே இருக்கிற திருமணி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அந்த வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று இவர் போகவே மாட்டேன் என்கிறார். ஜானகிராமனுக்குத் தெரிந்தால் எங்கள் பெட்டியைத் தொடுவாரா?

அதனால் நான் ஓட்டுகிறேன். போகும்போது இருட்டு, யாருக்கும் தெரியாது. மதுராந்தகம் எல்லையில் இடம் மாறிக்கொள்வோம். ஸ்டேஷன்வரை கொஞ்ச தூரம் இவர் மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது பொழுது விடிந்துவிடும். இவருடைய கோட்டைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வேன். புடவையும் காலும்தான் காட்டிக்கொடுக்கும். அதற்காக எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற லெக் கார்டுக் கம்பியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோணிச்சாக்கை இழுத்துக் கட்டிவிடுவேன். முழங்காலிலிருந்து பாதம்வரை மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்குச் சுமை கட்டின வண்டி மாதிரி இருக்கும். "இன்னாடா, பொம்பள ஓட்டிகினு வருது, புருஷனுக்கு இன்னா கேடு?" என்று ஒருவர் கேட்டால் போதுமே, எல்லாம் வெளியே வந்துவிடும்.

நான் எதற்கும் பயப்படவில்லை, இந்த எஞ்சினுக்குத்தான் பயப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூலரைப் பூட்டட்டுமா? அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஜெசிந்தா


(தபால் கார்டு)
செங்கல்பட்டு,
28.2.1974

சாக்கை அவிழ்த்துவிடு. போகும்போது எஞ்சினுக்குக் காற்று கிடைக்கிறது, திரும்பும்போது சாக்கு காற்றை மறிக்கிறது. அதுதான் சூடு. கூலரைப் பூட்டினாலும் சாக்குக்குப் பின்னால் அதுவும் சேர்ந்து வேகும். இனி ஒரு நாள்கூடச் சாக்கோடு ஓட்டாதே.

ஏசுபாதம்


கடப்பாக்கம்,
14.3.1974

அண்ணனுக்கு,

கார்டு வந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் அதை எழுதாமல் விட்டதில்லை. அவரும் வாங்கிப் படித்தார். "கார்டுல எடம் பத்தல போல" என்றார். கார்டில் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது அண்ணா.

சாக்கை அவிழ்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. கடப்பாக்கம் வந்து இறங்கிப் பார்த்தால் எஞ்சின் சாதுவாக இருந்தது. கூலரைப் பழைய சாமானுக்கே கொடுத்துவிட்டார். அண்ணன் சொன்ன வைத்தியம் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

செய்யூரில் டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டு நாளில் பேச்சு, முகாம் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்த கதையோடு, மதுராந்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ஜானகிராமன் பெட்டியை இறக்கவிடாமல், "கையக் காட்டு தேவசகாயம்" என்றார். இவர் காட்டினார். "இந்த வூட்டு சரக்கு இனிமே வேணாம்பா. நாலு பேருக்குத் தெரிஞ்சா பட்டணத்துல ஒருத்தன் தொடமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாசஞ்சரும் போய்விட்டது. ஆறு பெட்டி இறாலையும் திரும்பக் கொண்டுவந்து மணலில் புதைத்தோம். புதைத்துவிட்டு இவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார், எழுப்பவே முடியவில்லை.

இப்போது மார்க்கெட்டில் ஜலாலுதீன் பாய் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்கிறார். "நீ மட்டும் வந்துடும்மா" என்று பக்குவமாகச் சொன்னார். நான் மட்டும் போகிறேன். இவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ராத்திரி ஒரு நாள், "நீ ஒங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடு ஜெசி" என்றார். எந்த அண்ணன் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா


செங்கல்பட்டு,
2.4.1974

அன்பான மாப்பிள்ளை தேவசகாயத்துக்கும் தங்கை ஜெசிந்தாவுக்கும் ஏசுபாதம் எழுதுவது.

மாப்பிள்ளை, சுகமா?

கார்டில் இடம் இருந்தது. எனக்குத்தான் நெஞ்சில் இடம் இல்லை. எஞ்சினுக்குப் பதில் எழுதிவிட்டு, உங்கள் பெயரை எழுதப் போனேன். குஷ்டம் என்ற வார்த்தை குறுக்கே வந்து நின்றது. என் பிள்ளைகளை நினைத்தேன். நீங்கள் வந்து தங்கினால் பட்டறைக்கு எவன் வண்டி விடுவான் என்று நினைத்தேன். பேனாவை மூடிவிட்டேன். ஜெசியின் கடிதம் வந்தபோது அதை மார்கரெட்டே பிரித்துப் படித்தாள். ஆறு பெட்டி இறாலைப் புதைத்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். மறுநாளே கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, மார்கரெட்டையும் கூட்டிக்கொண்டு திருமணிக்குப் போனேன். வாசலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். நோயாளி கூட இல்லை நான், எனக்கே அப்படி என்றால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் மாப்பிள்ளை! டாக்டர் நிதானமாகச் சொன்னார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் மற்றவர்களுக்குப் பயம் இல்லையாம். நாளைக் கடத்தினால் நஷ்டம் உங்கள் விரல்களுக்குத்தானாம். போன உணர்ச்சி வருமா என்று கேட்டேன். வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் கை நிற்கும் என்றார்.

அதனால் உடனே புறப்பட்டு வாருங்கள். நம் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம். நான் இனி உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. மார்கரெட்டுக்கு மனம் பாதிதான் ஒப்பியிருக்கிறது. தனித் தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்திருக்கிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பாதி வழியில்தான் நிற்கிறேன்.

ஜெசி, பஸ் வேண்டாம். மாப்பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து நீயே ஓட்டிக்கொண்டு பட்டப்பகலில் பஜார் வழியாக வா. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஏசுபாதம்


செங்கல்பட்டு,
22.4.1974

அன்புள்ள ஜெசிக்கு,

இது என் சொந்த எழுத்து. பேனாவை விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். கோழி கிளறியிருக்கிறது, பொறுத்துக்கொள். நான் சுகம். நீ என்னை இங்கே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. ஜலாலுதீன் பாய் மீன் எடுக்கிறாரா? எஞ்சின் எப்படி இருக்கிறது?

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இப்போது நான் இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை. பகலில் மச்சானோடு பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் சிலர் என் கையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். மச்சான் அவர்களைக் கூப்பிடுவதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போன மறுநாள் அண்ணி எனக்கென்று வைத்திருந்த டம்ளரில் டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். கையைப் பிரித்தபோது நாலு விரலும் கொப்பளித்திருந்தது. அண்ணி அழுதுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பட்டறையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டீ வந்தது. நான் கை நீட்டுவதற்கு முன்னால் மச்சான் என் டம்ளரை எடுத்துக்கொண்டார். எல்லாரும் பார்க்க ஒரு வாய் குடித்தார். இன்னும் சூடு என்று கீழே வைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப குடி மாப்ள, ஆறிடுச்சு" என்று என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் கொடுக்கிறார்.

உன் சுகத்துக்கு எழுது.

தேவசகாயம்